வாழ்க சொன்னவர்கள்

லட்சுமிபுரத்தில் மாதப்பன் பங்களா வாங்கிய பிறகுதான் மைசூர்ப் பெரிய மனிதர்களுக்குப் புத்தகங்களின்மேல் ஆசை வந்தது. அதற்கு முன் அவர்களில் பலர் பஞ்சாங்கத்தைத் தவிர வேறெதையும் புரட்டியதாகத் தகவல் இல்லை.

மாதப்பன் கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரி. நொடித்துப்போன ஒரு ஜாகீர்தார் குடும்பத்திடமிருந்து பங்களாவை மேஜை நாற்காலியோடு வாங்கினார். மேஜை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் மாடியிலிருந்த நூலகம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பழைய காகிதக்காரனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். நல்லவேளையாக, எடைக்குப் போடும் முன்பே அதன் விசேஷம் தெரிந்துவிட்டது.

அந்த அறையில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து, பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து முதல் வரியை உரக்கப் படித்தால் போதும். படித்தவர் அந்த அத்தியாயத்துக்குள் போய் நிற்பார். அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களும் கூடவே போவார்கள். போய் நின்ற இடத்தில் நூலக அறையின் தேக்குக் கதவு மட்டும், சுவரில்லாமல், நிலையோடு நிற்கும். வெளியிலிருந்து போனவர்கள் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். போதுமென்று தோன்றும்போது அதைத் திறந்துகொண்டு திரும்பிவிடலாம். கதவைக் கோட்டைவிட்டால் வேறு வழி இல்லை. இது எந்தச் சாமியின் வேலை, எந்தப் பேயின் வேலை என்று மாதப்பன் ஆராயவில்லை. பட்டுப்புழு ஏன் கூடு கட்டுகிறது என்றும் அவர் ஆராய்ந்ததில்லை.

அவர் யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நகரத்துக் கனவான்களை அழைத்து, உப்பிட்டு என்கிற உப்புமாவும் காபியும் கொடுத்து, புத்தகத்துக்குள் அனுப்பிவைப்பார். அந்தக் கனவான்கள் வீட்டுக் கல்யாணப் புடவைகள் எல்லாம் அவர் கடையிலிருந்தே போயின.

திரும்பி வந்தவர்கள் சொன்ன பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு டாக்டர் தான் ராஜவைத்தியராக இருந்து பட்டத்து ராணியின் நாடி பார்த்ததாகச் சொன்னார். ஒரு வக்கீல் யானைமேல் உட்கார்ந்து எதிரியின் கொடியை வெட்டிச் சாய்த்ததாகச் சொன்னார். எல்லோருக்கும் மேலே அளசிங்கர் இருந்தார். அவர் ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பரிண்டெண்ட். ஜரிகைத் தலைப்பாகையும் மூடிய கோட்டும் போட்டுக்கொண்டு அவர் நடந்தால், ஆபீஸ் வராந்தாவே தன்னை ஒதுக்கிக்கொள்ளும். 'மணிமாடபுரி இளவரசன்' என்ற நாவலுக்குள் சேனாதிபதி தாம்தான் என்று அவர் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை.

அளசிங்கரின் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் பெர்னார்ட். அவன் மனைவி மெட்டில்டா.

மெட்டில்டா பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு எதையும் சட்டென்று பிடிக்காது. பிடிக்காததை மறைக்கவும் வராது. பெர்னார்ட் நல்லவன்தான், ஆனால் மேலதிகாரி தும்மினால் இவனுக்கு ஜலதோஷம் பிடிக்கும். அளசிங்கர் சொன்ன நகைச்சுவைக்கு ஆபீசில் சிரித்தது போதாதென்று வீட்டுக்கு வந்து மறுபடி ஒரு முறை சிரிப்பான். ஹெட் கிளார்க் இடம் காலியாக இருந்தது. அது யாருக்கு என்பதை அளசிங்கர் இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் பெர்னார்ட் வீட்டுக்கு வராமல் லட்சுமிபுரம் போய், சேனாதிபதியின் தோளைத் தொட்டுக்கொண்டு புத்தகத்துக்குள் போய்வந்தான்.

தான் அங்கே உபசேனாபதி என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உபசேனாபதி என்ன செய்வாரு?" என்று அவள் கேட்டாள்.

சேனாதிபதிக்கு ஆலோசனை சொல்வார் என்றான். சூப்பரிண்டெண்டுக்கு நீங்கள் இதுவரை என்ன ஆலோசனை சொல்லியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான்.

'மணிமாடபுரி இளவரசன்' மூன்று பாகமாக வந்த தடித்த நாவல். மெட்டில்டாவுக்கு அது தெரியும். வகுப்பில் ஒரு பெண் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கி, கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க இவளே படித்தாள். ரசித்துப் படிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். ஒரு முட்டாள்தனத்தை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் திட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெர்னார்ட் சந்தோஷமாக வந்தான். மறுநாள் இரண்டாம் பாகத்தில் பட்டாபிஷேக அத்தியாயத்துக்குப் போகிறார்களாம். இதுவரை போனதெல்லாம் சும்மா, நாளைதான் விசேஷம் என்று சூப்பரிண்டெண்டே சொன்னாராம்.

மெட்டில்டா காய் நறுக்குவதை நிறுத்தினாள். அந்த அத்தியாயத்துக்குப் 'பட்டாபிஷேகத் திருநாள்' என்று பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் அது பட்டாபிஷேகத்தில் முடியாது. ஊர்வலம் ஆற்றங்கரைத் தெருவில் வந்துகொண்டிருக்கும்போதே பகைவர்கள் மேலே அணையை உடைத்துவிடுவார்கள். வெள்ளம் வந்து கீழ்த்தெருவை அடித்துக்கொண்டு போகும். அதை அவள் அவனிடம் சொன்னாள்.

"அவர் படிச்சாரா அதை?" என்று கேட்டாள்.

யார் என்றான் பெர்னார்ட்.

"உங்க சேனாதிபதி. இல்ல, டாக்டர். இல்ல, வக்கீல். உங்க கூட்டத்துல யாராவது ஒருத்தர் அந்தப் புஸ்தகத்தைப் படிச்சிருக்காங்களா?"

அவன் யோசித்தான். அத்தியாயத் தலைப்புகளைச் சூப்பரிண்டெண்ட் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். முதல் வரியை அவரே கம்பீரமாகப் படிப்பார். அதற்கு மேல் யாரும் படித்ததில்லை. உள்ளேயே போகிறபோது படிப்பானேன் என்பது அவர்கள் எண்ணம். மேலும், வெள்ளம் வந்தாலும் அது ஜனங்களுக்குத்தானே, சேனாதிபதி யானைமேல் அல்லவா இருப்பார் என்றான். நாளைக்குப் போகாமல் இருந்தால் ஹெட் கிளார்க் இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோனால் வெள்ளத்துக்குத்தான் கெட்ட பெயர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் அவன் வழக்கம்போல நழுவினான். அவள் வீட்டுக்கு வந்தாள், சாதம் வடித்தாள், சாப்பிட உட்கார்ந்தாள். அவன்மேல் இருந்த கோபத்தை எவ்வளவு கிளறினாலும் அடியில் பயம்தான் தட்டுப்பட்டது. இலையை மடித்துப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருமுனையில் ஜட்கா பிடித்தாள்.

மாதப்பன் மாடிப்படிக்குக் கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கனவான்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது. மெட்டில்டா விஷயத்தைச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதுல ஆளுங்க செத்துப்போறாங்கன்னு எழுதியிருக்குதுங்களா?"

"ஒரு வரி எழுதியிருக்கு."

"ஒரு வரிதானுங்களே."

"நூறு வரி எழுதினாத்தான் சாவாங்களா?"

மாதப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். ஊரின் பெரிய மனிதர்கள் மொத்தமாகத் தன் மாடியில் காணாமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. "இதுவரைக்கும் பொம்பளைங்க யாரும் உள்ள போனதில்லீங்க, டீச்சரம்மா," என்றார். சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் படியேறினார். அவரும் கூட வரலாமே என்றதற்கு, தனக்கு முழங்கால் வலி, அதோடு யாராவது ஒருவர் வெளியே இருந்து கதவைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றார்.

மேஜைமேல் புத்தகம் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் காலி டபராக்கள். மெட்டில்டா திறந்திருந்த பக்கத்தின்மேல் கையை வைத்து முதல் வரியைப் படித்தாள். 'மங்கல வாத்தியங்கள் முழங்க, மணிமாடபுரி மாநகரம் இந்திரலோகமெனப் பொலிந்தது.' படிக்கும்போதே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இந்திரலோகம் தெருவின் முன்பக்கத்தில் மட்டும் இருந்தது. மாடங்களுக்கு முகப்பு உண்டு, பின்சுவர் இல்லை. ஆசிரியர் அவ்வளவுதான் வர்ணித்திருந்தார். தோரணங்களெல்லாம் ஒரே தோரணம். கீழ்த்தெருவின் ஓரத்தில், ஆற்றைப் பார்த்தாற்போல் தேக்குக் கதவு தனியாக நின்றது. தெருவின் இருபுறமும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மெட்டில்டா குனிந்து பார்த்தாள். அவள் கட்டியிருந்த மெல்லிய வாயில் துணிப் புடவை காணோம். சாயம் போன ஒரு கண்டாங்கி உடம்பில் இருந்தது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

யானைமேல் வந்த சேனாதிபதிக்கு அளசிங்கரின் முகம் இல்லை. அவருக்கு ஆசிரியர் கொடுத்த முகம், முறுக்கு மீசையும் இரண்டு பக்க வர்ணனையுமாக இருந்தது. அளசிங்கர் தெருவில் நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்கு மேலே ஏறிய கந்தல் துண்டு, தலையில் ஒன்றுமில்லை, கையில் பட்டப்பகலில் எரிகிற ஒரு தீவட்டி. "வாழ்க, வாழ்க" என்று கத்திக்கொண்டிருந்தார். ராணியின் நாடி பார்த்த டாக்டர் பல்லக்கின் பின்கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சுவாங்கினார். யானைமேலேறிப் போர்செய்த வக்கீல் யானைக்குப் பின்னால் கூடையோடு நடந்தார். கூடை எதற்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் புத்தகங்களில் இருந்த இடம் அதுதான். கதையில் பெயருள்ள இடங்களெல்லாம் முன்பே நிரம்பியிருந்தன. மிச்சமிருந்தது கூட்டம். வாரா வாரம் போய், கூட்டத்தில் நின்று கத்திவிட்டு, வெளியே வந்து ஒருவருக்கொருவர் யானையும் நாடியும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவன் சொல்வது பொய்யென்று ஒவ்வொருவருக்கும் தெரியும். தன்னுடையதைக் காப்பாற்றிக்கொள்ள மற்றவனுடையதை நம்பினார்கள்.

மெட்டில்டா சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பெர்னார்ட் திரும்பினான். இளவரசனின் வெள்ளைக் குதிரைக்குப் போட ஒரு கட்டுப் புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கில் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் அவனை எத்தனையோ முறை மட்டம்தட்டியிருக்கிறாள். இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

"புல்லைக் கீழ போடுங்க," என்றாள். "நேரமில்ல."

அவன் போட்டான். அவள் அளசிங்கரிடம் போய் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தீவட்டியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தாம் மாறுவேஷத்தில் நகரசோதனை செய்துகொண்டிருப்பதாகவும், பெண்பிள்ளைகள் ராஜாங்க விஷயத்தில் தலையிடக்கூடாது என்றும் தணிந்த குரலில் சொன்னார். வேஷம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றாள் மெட்டில்டா. அந்த நேரத்தில் மேற்கே, மலைப்பக்கத்திலிருந்து, தரையை யாரோ இழுத்துக்கொண்டு வருவது போல ஒரு சத்தம் கேட்டது. அளசிங்கர் தீவட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று ஆபீசில் யாரும் நம்பமாட்டார்கள். டாக்டர் பல்லக்கை அப்படியே விட்டார். உள்ளேயிருந்து ஏதோ ஓர் இளவரசி அலங்காரத் தமிழில் அலறினாள். வக்கீல் கூடையோடு ஓடி, கதவருகில்தான் கூடையின் ஞாபகம் வந்து அதைக் கவிழ்த்தார். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கதவுக்குள் போனார்கள். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

பெர்னார்ட் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவளும் இரண்டடி வைத்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, இடுப்பில் குழந்தையும் தலையில் பொரிக்கூடையுமாக, "எங்க ஓடறாங்க அவங்க?" என்று கேட்டாள்.

மெட்டில்டா நின்றாள். அந்தப் புத்தகத்தில் ஜனங்களுக்கு ஆசிரியர் கொடுத்தது இரண்டே வார்த்தைகள். நல்லது நடந்தால் 'வாழ்க', கெட்டது நடந்தால் 'ஐயோ'. ஆனால் எதிரே ஆள் நிற்கும்போது அவர்களும் எல்லோரையும் போலத்தான் பேசினார்கள். இத்தனை பாகத்தில் அவர்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அதனால் அவர்களும் பேசியதில்லை.

"வெள்ளம் வருது," என்றாள் மெட்டில்டா. "அணை உடைஞ்சிடுச்சு."

"யார் சொன்னது?"

"எழுதியிருக்கு."

பொரிக்காரி குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "எங்களைப் பத்தியும் எழுதியிருக்கா?"

மெட்டில்டாவுக்கு அந்த வரி மனப்பாடமாக இருந்தது. 'குடிகள் பலர் மாண்டனர்.' அதற்குப் பிறகு, இளவரசனின் வெள்ளைக் குதிரை முழுகியதற்கு அவன் புலம்பிய புலம்பல் பக்கம் பக்கமாக வரும். குதிரைக்குத் தாய் தந்தை பெயர்கூட உண்டு. விடுமுறையில் அதைப் படித்தபோது குதிரைப் புலம்பலைத்தான் அவள் திட்டினாள். முந்தைய வரியில் செத்தவர்கள் யாரென்று அவளுக்கும் தோன்றவில்லை. இப்போது அந்த வரியில் ஒருத்தி குழந்தையை வைத்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள்.

"கோட்டைக்குப் போயிட்டா பிழைச்சுக்கலாம்," என்றாள் மெட்டில்டா. "அது மேட்டுல இருக்கு. தண்ணி அங்க ஏறாது."

கோட்டைக்குள் எங்களை விடமாட்டார்களே என்றாள் அவள். உண்மைதான். வாசலில் ஈட்டியோடு காவலர்கள் நின்றார்கள். மெட்டில்டா சுற்றியிருந்தவர்களிடம் கத்திப் பார்த்தாள். அருகிலிருந்த சிலர் திரும்பினார்கள். மற்றவர்கள் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைக் குரல் அந்தக் கூட்டத்தில் எடுபடவில்லை. சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது.

பெர்னார்ட் அவள் கையை விட்டான். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு தெருவோரத்துக் கல் ஒன்றின்மேல் ஏறி, தொண்டை நரம்பு புடைக்க, "வாழ்க! மணிமாடபுரி மன்னர் வாழ்க! பட்டாபிஷேகம் கோட்டைக்குள்ளே! எல்லாரும் கோட்டைக்கு!" என்று கத்தினான்.

வருஷக்கணக்காக ஆபீசில் பழகிய தொண்டை அது. யாரைப் புகழ வேண்டும், எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், கேட்கிறவனையும் சேர்ந்து கத்தவைப்பது எப்படி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மெட்டில்டா வெறுத்த அந்தக் குரலுக்குக் கீழ்த்தெரு முழுக்க "வாழ்க" என்று பதில் கொடுத்தது. கொடுத்துக்கொண்டே மேட்டுப்பக்கம் திரும்பியது. அவன் முன்னால் ஓடினான், நின்றான், மறுபடி கத்தினான். கூட்டம் அவன் பின்னால் ஏறியது. வாசலில் காவலர்கள் ஈட்டியை விலக்கிக்கொண்டார்கள். ஜனங்கள் வாழ்த்தொலி எழுப்பிக்கொண்டு வந்தால் காவலர் வழிவிடுவது என்று ஆசிரியர் முதல் பாகத்திலேயே பழக்கிவைத்திருந்தார். அதை யோசிக்கும் அறிவை அவர் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மெட்டில்டா கடைசியில் நின்று, நடக்க முடியாத கிழவர்களையும், சாமானை விட்டு வர மறுத்தவர்களையும் விரட்டினாள். ஒரு கிழவர் தன் ஆட்டை விட்டு வரமாட்டேன் என்றபோது, ஆட்டையும் அவரையும் சேர்த்துத் தள்ளினாள்.

எல்லோரும் ஏறினார்களா என்று அவளால் சொல்ல முடியாது. தெரு காலியாகத் தெரிந்தபோது தண்ணீரும் தெரிந்தது. பெர்னார்ட் மேட்டிலிருந்து அவளிடம் ஓடிவந்தான். இருவரும் கதவை அடைந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. அது நூலகப் பக்கமாகத் திறக்கிற கதவு. தண்ணீர் அதை அழுத்திக்கொண்டிருந்ததால் கைப்பிடியைத் திருப்பியதும் தள்ளத் தேவையில்லாமல் அவர்களையும் வாரிக்கொண்டு திறந்தது.

நூலகத்தின் கம்பளம் நனைந்தது. மாதப்பன் கீழ்த்தட்டுப் புத்தகங்களைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டிருந்தார். கதவை எல்லோருமாகச் சேர்ந்து தள்ளிச் சாத்தினார்கள். எல்லோரும் என்றால் மாதப்பன், அவருடைய சமையல்காரர், பெர்னார்ட், மெட்டில்டா. கனவான்கள் கீழே கூடத்தில் சால்வை போர்த்திக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் ஜட்காவில் வீட்டுக்கு வந்தார்கள். பெர்னார்டுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. வீட்டில் அவள் அவனுக்கு மிளகுரசம் வைத்துக் கொடுத்தாள். அவன் அதைக் குடித்துவிட்டு, "நான் உபசேனாபதி இல்ல," என்றான். தெரியும் என்றாள்.

அடுத்த ஞாயிறு மாதப்பன் பங்களாவில் பெரிய விருந்து. பெண்களுக்கும் அழைப்பு வந்தது. ஏனென்று அங்கே போனபிறகு தெரிந்தது. மணிமாடபுரியைச் சேனாதிபதி அளசிங்கர் வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய வரலாறு ஊரெல்லாம் பரவியிருந்தது. அணை உடையும் என்பதை அவர் முன்கூட்டியே ஊகித்தாராம். யானையை வெள்ளத்துக்கு எதிராக நிறுத்தினாராம். டாக்டர் மயங்கியவர்களுக்குச் சிகிச்சை செய்தாராம். வக்கீல் ஏதோ செய்தார். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அளசிங்கருக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையோடு எழுந்து, தம் கடமையைத்தான் செய்ததாகச் சொன்னார். கடமையின் விவரத்தை நெடுநேரம் சொன்னார். மெட்டில்டா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பட்டு என்கிற போளியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அங்கே அவளுடைய வார்த்தைக்கு என்ன விலை என்பது தெரியும். டீச்சர் கொஞ்சம் அப்படித்தான், பாவம் அந்தப் புருஷன் என்பார்கள்.

பேச்சின் முடிவில் அளசிங்கர் பெருந்தன்மையோடு கையை நீட்டினார். "எல்லாத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நம்ம பெர்னார்ட். கூடிய சீக்கிரம் நம்ம ஹெட் கிளார்க். பெர்னார்ட், நீரே சொல்லும்."

பெர்னார்ட் எழுந்தான். கோட்டின் பொத்தானைப் போட்டான். மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அவன் குரல் எந்த இடத்தில் ஏறும் என்பதுகூடத் தெரியும்.

"சார் தீவட்டி பிடிச்சுக்கிட்டு இருந்தாரு," என்றான் பெர்னார்ட். குரல் இன்னும் சரியாகவில்லை. அதனால் மெதுவாகத்தான் வந்தது. "டாக்டர் பல்லக்கு தூக்கினாரு. நான் புல்லு சுமந்தேன். எப்பவும் அப்படித்தான். நாங்க யாரும் அங்க சேனாதிபதி இல்ல. கூட்டத்துல நின்னு வாழ்க போடற ஆளுங்க. வெள்ளம் வருதுன்னு என் மனைவி வந்து சொன்னா. அவ புஸ்தகத்தைப் படிச்சிருந்தா. சார் முதல்ல ஓடினாரு."

உட்கார்ந்தான். கூடத்தில் எல்லோரும் அளசிங்கரைப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் சிரித்தார். பெர்னார்டுக்கு வெள்ளத்தில் நனைந்து காய்ச்சல் கண்டிருக்கிறது, நாளை டிஸ்பென்சரிக்கு வரச்சொல்லுங்கள் என்றார். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். பாயசம் வந்தது. அளசிங்கர் மாலையைக் கழற்றவில்லை.

மெட்டில்டா ஆண்கள் பக்கம் எழுந்துபோய், அத்தனை பேருக்கு முன்னால், புருஷனின் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதை அங்கே யாரும் மன்னிக்கவில்லை.

ஹெட் கிளார்க் இடம் வேறொருவருக்குப் போயிற்று. பெர்னார்டைச் சாமராஜநகருக்கு மாற்றினார்கள். உத்தரவில் காரணம் எதுவும் இல்லை.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது மாதப்பன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்துகொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். கனவான்கள் அடுத்த வாரம் வேறு புத்தகத்துக்குள் போகிறார்கள். அதில் தீ விபத்து, பூகம்பம் ஏதாவது இருக்கிறதா என்று டீச்சரம்மா முன்னாலேயே படித்துச் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும். சும்மா வேண்டாம், வருஷத்துக்கு ஒரு பட்டுப்புடவை.

"அவங்களையே படிச்சுட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள் மெட்டில்டா.

மாதப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிக்கற ஆளுங்களா இருந்தா எதுக்குங்கம்மா உள்ள போறாங்க?"

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். அவரை மட்டும் அவளால் முழுதாக வெறுக்க முடியவில்லை. அவர் ஒருவர்தான் தன்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொள்ளாமல் இருந்தார். போகும்போது மாதப்பன் 'மணிமாடபுரி இளவரச'னின் இரண்டாம் பாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் பட்டு ஊறியிருந்தது. இனி அது கனவான்களுக்கு உதவாது என்றார். மெட்டில்டா அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். அச்சு மாறவில்லை. 'குடிகள் பலர் மாண்டனர்' என்றுதான் இருந்தது. குதிரைக்கான புலம்பலும் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. எழுதியவர் மேட்டுக்கு ஏறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சாமராஜநகர் ரயிலில் பெர்னார்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். புது ஆபீசில் மேலதிகாரியான அமல்தார் எப்படிப்பட்டவரோ என்று இரண்டு முறை கவலைப்பட்டான். நஞ்சன்கூட்டில் வண்டி நின்றபோது இறங்கி, வாழைப்பழம் வாங்கிவந்து அவளுக்கு உரித்துக் கொடுத்தான்.

"அந்தப் பொம்பளை குழந்தையோட உள்ள போயிட்டாளா? நீதான கடைசியா பார்த்தே."

"போயிட்டா," என்றாள் மெட்டில்டா. "பொரிக்கூடையை விடல. அதுக்காக வாசல்ல காவல்காரனோட சண்டை போட்டா."

பெர்னார்ட் சிரித்தான். அளசிங்கர் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.